பொருள் எண் 37-ஐத் திரும்பப் பெறுங்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், ஆணையாளர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்.

சென்ற மாதம் நடந்த சாதாரணக் கூட்டத்தில் அஜெண்டாவில் இருந்த 52 பொருள்களை நிறைவேற்றினீர்கள். அதில் 37-ஆவது, தினசரி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் கழிப்பிடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் நான்கு கடைகள் கட்டி ஏலம் விடுவது. அதை எதிர்த்து அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சீல் வைத்துக் கொடுத்தார்கள், பதில் வரவில்லை. எங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கப் போனால், அவர் இல்லை, அவர் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் ஓட்டுப் போட்டது அந்த அம்மாவுக்கு, அவர் வீட்டுக்காரருக்கு இல்லை. கொடுக்காமல் திரும்பிவிட்டேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், உங்களில் ஒருவர்தான் அஜெண்டா கட்டைக் கொண்டுவந்து ஒரு செட் போடச் சொன்னார். எழுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. இப்போதுதான் கைக்கு வந்தது, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம், இதை எப்போது படிப்பது என்று அலுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுக்கும்போது கண்ணில் படுவதைப் படிக்காமல் இருக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு, குடிநீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்த செலவு, குப்பை வண்டிக்கு டயர், தெருவிளக்குப் பராமரிப்பு. எல்லாவற்றுக்கும் கீழே ‘அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்’ என்று ஒரே வரி. அப்படியே வந்து 37-இல் நின்றேன். ‘நீண்ட காலமாகப் பயன்பாடின்றிப் பழுதடைந்த நிலையில் உள்ள கழிப்பிடக் கட்டடத்தை இடித்து அப்புறப்படுத்தி’ என்று ஆரம்பித்தது.

பயன்பாடின்றி என்று எழுதியிருந்தது. அன்றைக்குக் காலையில்கூட என் அம்மா அதற்குள் போய்விட்டு வந்திருக்கிறார்.

அம்மா மார்க்கெட் வாசலில் கீரை விற்கிறார், 26 வருஷமாக. மூன்று மணிக்கு எழுந்து, மூன்றே முக்காலுக்கு வரும் டெம்போவுக்காக நின்று, கட்டுகளை இறக்கி, சாக்கு விரித்து, அரைக்கீரை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், முருங்கை ஒரு பக்கம் என்று அடுக்கி உட்கார்ந்தால் பத்தரை மணி வரை எழுந்திருக்க முடியாது. நடுவில் ஒரு தடவை, பக்கத்தில் வாழையிலை விற்கும் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தக் கழிப்பிடத்துக்குப் போய்வருவார். அவர் வந்ததும் இந்த அக்கா போவார். பூக்காரர்கள், மீன் பிரிவில் உட்காருகிறவர்கள், மூட்டை பிரிக்க வரும் பெண்கள், உங்கள் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒரு கட்டு எடுத்துக்கொடுத்து, சில்லறை பொறுக்கி, தண்ணீர் தெளித்து, ஈயோட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ஆறு ஏழு மணி நேரத்தில் அவர்களுக்கு ஒதுங்குவதற்கு என்று இந்த ஊரில் இருக்கும் ஒரே இடம் அது.

அது நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு அறைகளில் இரண்டுக்குத்தான் கதவு இருக்கிறது. ஒரு கதவின் தாழ்ப்பாள் போய்விட்டது, உள்ளே இருந்து ஒரு துணியால் இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். விளக்கு எரியாது, செல்போன் வெளிச்சத்தில்தான் போக வேண்டும். மோட்டார் எரிந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்காக யாரும் போவதை நிறுத்தவில்லை. வெளியே இருக்கும் சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் லாரி நிரப்பும் நாளில் ஆளுக்கொரு வாளி பிடித்துக்கொண்டு போகிறார்கள், நிரப்பாத நாளில் வீட்டிலிருந்தே கேனில் கொண்டுவருகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு பினாயில் வாங்கி அவர்களே கழுவுகிறார்கள். அந்தப் பத்து ரூபாய்க் கணக்கு எழுதிய நோட்டு அம்மாவிடம் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன். பழுதடைந்திருக்கிறது என்பது சரி, பயன்பாடில்லை என்பது பொய். மோட்டாரை மாற்றாமல் விட்டவர்களே அதைக் காரணமாகக் காட்டி இடிக்கச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் குறிப்பை எழுதியவர் நேரில் வந்து பார்த்தாரா? வந்திருந்தால் எந்த நேரத்தில் வந்தார்? மதியம் மூன்று மணிக்கு வந்தால் மார்க்கெட்டே காலியாகத்தான் இருக்கும். நான் கடையைத் திறப்பதற்கு முன்னால், ஒரு சந்தை நாளில் விடியற்காலை நாலரைக்கு அங்கே போய் நின்றேன். ஒரு சமயத்தில் வாசலில் பதினொரு பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். எழுபது வயது பாட்டி ஒருவர் நிற்க முடியாமல் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்றவர்கள் அவரைக் கைபிடித்து முதலில் அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம் இருக்கிறதே என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. மெயின் ரோட்டைத் தாண்டிப் போய்வரப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். சுவரில் ஐந்து ரூபாய் என்று எழுதிப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள். விடிவதற்கு முன்னால் பூட்டியிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனால் இருபது ரூபாய், மாதத்துக்கு அறுநூறு. கீரை விற்று வருகிற காசில் அது என்ன பங்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அம்மா அப்படித்தான் இருந்தார், இந்த மோட்டார் எரிந்துபோன முதல் சில மாதங்கள். காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்தார். டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வியே, “தண்ணி ஏன் குடிக்கிறதில்ல?” அம்மா என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கேனில் தண்ணீர் கொண்டுபோகும் வழக்கமே வந்தது.

அவர்கள் அங்கே இலவசமாகவும் உட்காரவில்லை. தினமும் தரைக்கடைக்குச் சுங்கம் கட்டுகிறார்கள், குத்தகைக்காரரின் ஆள் காலையில் ரசீது கிழித்துக் கொடுத்துக் காசு வாங்கிப்போகிறார். மழை நாளில் வியாபாரமே இல்லாவிட்டாலும் வாங்கிப்போகிறார். அந்தக் குத்தகைப் பணம் நகராட்சிக்குத்தான் வருகிறது.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். 37-ஐப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை, மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அனுமதி கேட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக் கூட்டம் பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்து குடிநீர் ஆறு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது என்றார், இன்னொருவர் தெருநாய் பற்றிப் பேசினார், அது இரண்டும் தேவையான பேச்சு, குறை சொல்ல மாட்டேன். மூன்றாமவர் போன மாதத் தீர்மானத்தில் தன் வார்டு விடுபட்டதைக் கேட்டார், சத்தம் கூடியது, நான்கு பேர் வெளியே போனார்கள். அப்புறம் மன்ற எழுத்தர் மைக்கைப் பிடித்துப் பொருள் எண் ஒன்று என்று தொடங்கி மூன்றோ நான்கோ வாசித்திருப்பார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் “ஆல் பாஸ்” என்றது. மேஜையைத் தட்டினார்கள். அவ்வளவுதான். 52 பொருளும் ஏகமனதாக நிறைவேறின. நான் கடிகாரம் பார்த்தேன், பன்னிரண்டு ஐந்து. 37 என்ற எண்ணைக்கூட யாரும் வாயால் சொல்லவில்லை. என் பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறவில்லை.

தண்ணீர் லாரிக்கு டீசல் போட்டதையும் டயர் வாங்கியதையும் ஒன்றாகச் சேர்த்து அனுமதிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஏற்கெனவே செலவு ஆனதற்கு மன்றத்தின் அனுமதி வாங்குவது வழக்கமான வேலை, ஒவ்வொன்றுக்கும் விவாதம் வைத்தால் ஊர் நடக்காது. ஆனால் அதே கட்டுக்குள், அதே எழுத்தில், அதே ‘அனுமதிக்கலாம்’ வரியோடு, நூற்றுக்கணக்கான பெண்கள் தினமும் போகும் இடத்தை இடிக்கும் முடிவும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. டயரையும் கழிப்பிடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான், அதற்காகத்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறோம்.

நீங்கள் அங்கே உட்கார நாங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் அப்போதைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி தேர்தல் நடக்கும்வரை, ஐந்து வருஷத்துக்கும் மேல், அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறோம். அதனால்தான் தேர்தல் வந்தபோது அம்மா அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டார். அலுவலகக் குறிப்பை அப்படியே நிறைவேற்றுவதாக இருந்தால் அந்த ஐந்து வருஷத்துக்கும் இப்போதைக்கும் எங்களுக்கு என்ன வித்தியாசம்?

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தேடிப் படித்தேன். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியதாக 18 பணிகளைச் சொல்கிறது. அதில் 17-ஆவது, தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகிய பொது வசதிகள். பொதுக் கழிப்பிடம் என்ற சொல்லே அங்கே இருக்கிறது. கடை கட்டி வாடகைக்கு விடுவது அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. வருமானம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் மாடியில் கட்டிய கடைகளில் பாதிக்கு மேல் ஷட்டர் திறக்காமல் துருப்பிடித்துக் கிடக்கின்றனவே, அவற்றை ஏலம் எடுக்க ஆள் வராதபோது இந்த நான்கு கடைகளால் என்ன வரப்போகிறது?

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், நான்காவது பிரிவு. மக்களைப் பாதிக்கும் முக்கியமான முடிவுகளை அறிவிக்கும்போது அதற்கான விவரங்களை அலுவலகமே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும், மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் படிக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டு முப்பது நாள் காத்திருந்து வாங்க வேண்டிய விஷயம் இல்லை அது, கேட்காமலே தர வேண்டியது. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மார்க்கெட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. 37-ஆவது பொருள் அந்தக் குழுவுக்குப் போனதா?

வார்டு மக்கள் கூடி உங்களிடம் நேரில் கேட்கும் ஏரியா சபை இன்னொன்று. அதற்கான விதிகளை அரசு 2022-இல் கொண்டுவந்தது, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். அதே நாளில் எங்கள் வார்டிலும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு நடத்தினீர்கள், நான் போயிருந்தேன், தெருவிளக்கு கேட்டேன், பத்து நாளில் போட்டுக் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் ஊரில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. ஒரு தடவை நானும் போனேன். வரவு செலவு வாசிக்கிறார்கள், என் மாமா எழுந்து, ஊரணிக் கரையில் மண் அடித்ததாக எழுதியிருக்கிறதே, எந்தப் பக்கம் அடித்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்டார், தலைவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த ஊரில் மாமாவுக்கு இருக்கும் உரிமை, டவுனுக்கு வந்து 26 வருஷம் சுங்கம் கட்டும் அம்மாவுக்கு இல்லை.

மன்றத்தில் இருக்கும் பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. நம் மன்றத்தில் பாதிக்கு மேல் நீங்கள்தான். மாத விலக்கு நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினோரு மணி வரை சாக்கில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆண் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கலாம், உங்களுக்கு வேண்டியதில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நீங்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் மேஜையைத் தட்டியதாக நான் நினைக்கவில்லை. உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் கண்ணிலேயே பட்டிருக்காது, முந்தின நாள் இரவு எழுபது பக்கம் கொடுத்தால் யாருக்குப் படும்? ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது.

நான் கேட்பது இவைதான்.

அடுத்த கூட்டத்தில் பொருள் எண் 37-ஐ மறுபரிசீலனைக்கு எடுத்து ரத்து செய்யுங்கள். அதுவரை இடிப்பதற்கோ ஏலத்துக்கோ எந்த உத்தரவும் போகக் கூடாது, அதை ஆணையாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். மோட்டாரை உடனே மாற்றுங்கள், நான்கு அறைக்கும் உள்தாழ்ப்பாளோடு கதவு போடுங்கள், இரண்டு விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள ஒரு தொட்டி, காலை மூன்றரை முதல் ஒரு தூய்மைப் பணியாளர். இதற்கு எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போட்டு அடுத்த அஜெண்டாவிலேயே வையுங்கள்.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அஜெண்டா உறுப்பினர் கையிலும் நகராட்சி அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் இருக்க வேண்டும். இடிப்பது, விற்பது, ஏலம் விடுவது, இடம் மாற்றுவது, கட்டணம் ஏற்றுவது ஆகிய பொருள்களைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுதாக வாசித்து, யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்று பெயரோடு பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் கூடுதல் பொருளாக இவற்றைக் கொண்டுவராதீர்கள். நடவடிக்கைக் குறிப்பைப் பத்து நாளில் வெளியிடுங்கள். நகல் எடுக்கச் செலவு என்றால் அறிவிப்புப் பலகைக்கு வேண்டிய நகலை மாதாமாதம் என் கடையில் காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஏரியா சபையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வார்டிலும் நடத்துங்கள். மார்க்கெட் வார்டில் மட்டும் அதை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள், காலையில் வைத்தால் வியாபாரிகள் வர முடியாது. நகர விற்பனைக் குழுவில் இருப்பவர்களின் பெயரை மார்க்கெட் வாசலில் எழுதிப் போடுங்கள்.

இன்னொன்று, தலைவர் அவர்களே, ஆணையாளர் அவர்களே, ஒரே ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அந்தக் கழிப்பிட வாசலுக்கு வாருங்கள். போட்டோகிராபர் வேண்டாம். பொறியாளரை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் எழுதிய குறிப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் அங்கே இருப்பேன், டார்ச்சும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறேன்.

அடுத்த சாதாரணக் கூட்டத்துக்கு நானும் அம்மாவும் வாழையிலைக்கார அக்காவும் பார்வையாளர் வரிசைக்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த அனுமதிக்கும் என் மனுவுக்கும் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தினசரி மார்க்கெட் வாசலில் கீரை விற்பவரின் மகள்